ஒன்றைக் கழற்றினால்

ஜவாஹிர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று:
கிழமைக்கு ஒன்றுதான் கழற்றலாம்.
எல்லாவற்றையும் பிரித்துப்
பெட்டி பெட்டியாய் அடுக்கின கார்கள்
கடைசியில் பெட்டியாகவே விலைபோன கதை
அவனிடம் ஒன்பது இருந்தது.

சரியென்றேன். எனக்கும் வேறு வழியில்லை.
விடிய நாலே முக்காலுக்கு
நூற்றிப்பத்து இடியப்பப் பார்சல்
உவர்மலையிலிருந்து சீனக்குடாவுக்குப் போயாக வேண்டும்.

அறுபத்தொன்பதாம் ஆண்டு ஃபால்கன்.
எட்டு சிலிண்டர்.
மாவு ஆலைக்கு வந்த வெள்ளைக்காரன்
கப்பலில் கொண்டுவந்தது.
திரும்பிப் போகையில் சம்பளப் பாக்கிக்குப் பதிலாக
அவனுக்குச் சமைத்த என் மாமாவிடம் விட்டுப் போனான்.
அதன்பின் பதினேழு வருடம்
அதில் கோழிகள் அடைகாத்தன.

திருக்கோணமலை உப்புக்கு இரும்பென்றால் இனிப்பு.
ஒருநாள் என் காலடியில்
ஐந்து ரூபாய்க் குத்தி விழுந்தது.
எடுக்கக் குனிந்தேன்.
அங்கே தார் றோட்டு ஓடிக்கொண்டிருந்தது.

முதற்கிழமை பிரேக்.
அதைப் பூட்டி மூன்றாம் நாள்
கோட்டை வாசலில் ஒரு புள்ளிமான்,
பஸ் தவறவிட்ட ஆள்போலக் குறுக்கே வந்தது.
கார் நின்றது.
மான் நின்றது.
பின்சீற்றில் சொதி மட்டும் நிற்கவில்லை.

பிறகு தரைக்குத் தகடு.
பந்துல பாதிதான் ஒட்டினான், காஸ் முடிந்துவிட்டது.
மிச்சப் பாதிக்கு ரப்பர் பாய்.
பிறகு வலது ஹெட்லைட்.
பொலிஸ் மறித்து, மற்றது எங்கே என்றார்.
அடுத்த கிழமை, சேர்.

அடுத்த கிழமை பெற்றோல் இல்லாமல் போனது.

அனுராதபுரச் சந்தி தாண்டி வளைந்த வரிசையில்
நான் இருநூற்றுப் பதினேழு.
முதல் இரவு நுளம்பு. இரண்டாம் இரவு மழை.
மூன்றாம் இரவு ஜவாஹிர் வந்தான், ஸ்பானர் பெட்டியோடு.
"நிற்கத்தானே போகுது, அக்கா" என்று
தன் சட்டத்தைத் தானே முறித்தான்.
காபரேட்டர், பம்ப், எட்டு பிளக்.
வைக்க இடமில்லாமல் என் இடியப்பத் தட்டுகளைக் கேட்டான்.
கொடுத்தேன்.
அந்தத் தட்டுகளை நான் பிறகு மாவுக்கு எடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு யாரோ கத்தினார்கள்:
பவுசர் வந்திட்டு!

என் காரின் நெஞ்சு திறந்து கிடந்தது.
கை பதறி ஒரு நட்டை விழுத்தினேன்.
நிமிர்ந்து பார்த்தால்
முன்னுக்கு நின்ற வானைத் தள்ளுகிறார்கள்.
அதற்கு முன்னால் ஜீப், அதையும்.
ஒரு சொட்டைக்கூட எரிக்க மனமில்லாமல்
வரிசை முழுக்க
மனிதர்களே எஞ்சினாய் இருந்தார்கள்.
அன்றிரவு ஓடுகிற கார், ஓடாத கார் என்று
பேதமே இருக்கவில்லை.

எனக்கும் ஆட்கள் வந்தார்கள்.
பின்னால் நின்ற ஓட்டோக்காரர்,
டியூட்டி முடிந்த ஒரு நர்ஸ்,
சிங்களத்தில் எண்ணிய ஒரு நேவிப் பொடியன்.
எக்காய், தெக்காய்.
என்ன பாரம் அம்மா, கப்பலா? என்றார் ஓட்டோக்காரர்.
கப்பலில்தான் வந்தது என்றேன்.
ஜவாஹிர் பொனற்றுக்குள் தலையை விட்டபடியே
பக்கவாட்டில் நடந்து நடந்து பூட்டினான்.
ஒரு பிளக்குக்கு ஏழெட்டு வாகன தூரம்.

பம்பில் கிடைத்தது பன்னிரண்டு லீற்றர்.
இந்தக் காருக்கு அது வாய் கொப்பளிக்கக் காணும்.
சாவியைத் திருப்பினேன்.
இருமியது.
மறுபடி திருப்பினேன்.

எட்டும் ஒன்றாய்ப் பேசத் தொடங்கியபோது
வரிசையில் நித்திரையாய்க் கிடந்தவர்கள் எழும்பி ஏசினார்கள்.
ஒரு நட்டு ஜவாஹிரின் உள்ளங்கையில் மிஞ்சியிருந்தது.
எதனுடையது?
இன்றுவரை தெரியாது.
சாம்பல் தட்டத்தில் கிடந்து கிலுகிலுக்கிறது.

இந்தக் கிழமை இடது கதவு.
அது பந்துலவின் பட்டறைச் சுவரில் சாய்ந்திருக்க
நான் கதவில்லாமல் போகிறேன்.
குடாவின் காற்று நேரே ஏறி உட்கார்ந்து
பார்சல்களை
எண்ணிக்கொண்டு வருகிறது.